ஞானத்தைத் தேடி வேதாகமத்தைத் திறப்பவர்களுக்கு: தாழ்மையோடு கேள்வி கேட்கும் வழிமுறை

வேதாகமத்தில் ஞானத்தைத் தேடத் தொடங்கும் புதியவருக்குப் பெரும்பாலும் இரண்டு அறிவுரைகள் கிடைக்கின்றன. "கேள்வி கேட்காதே, விசுவாசி" என்பது ஒன்று. "எதையும் நம்பாதே, எல்லாவற்றையும் கேள்விக்கு உட்படுத்து" என்பது மற்றொன்று. முதலாவதன் வழியே போகிறவருக்கு வசனங்கள் மனப்பாடமாகின்றன, புரிதல் பின்தங்கிவிடுகிறது. இரண்டாவதன் வழியே போகிறவருக்கு வாதத் திறமை வளர்கிறது, நடத்தையில் ஒன்றும் மாறுவதில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே நெடுங்காலம் தட்டுத்தடுமாறிய பின் எனக்குப் பயன்பட்ட முறையைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். ஆழ்ந்த இறையியல் பயிற்சி இதற்குத் தேவையில்லை. ஆனால் அவசரப்படுகிறவர்களுக்கு இது ஒத்துவராது.

1. தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

முழு வேதாகமம் ஒன்று வேண்டும். புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் மட்டும் உள்ள சிறு பதிப்பு இந்த வேலைக்குப் போதாது. ஏனெனில் நீங்கள் அதிகமாகப் புரட்டப்போகும் யோபு, நீதிமொழிகள், பிரசங்கி ஆகிய மூன்றும் அதில் இருப்பதில்லை. சீர்திருத்தச் சபைகளின் பதிப்பில் 66 நூல்களும் கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்களும் இருக்கும். கத்தோலிக்கப் பதிப்பை வைத்திருப்பவர்களுக்குச் சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம் என்னும் இரு நூல்கள் கூடுதலாகக் கிடைக்கும். அந்தப் பதிப்பில் பிரசங்கி நூல் "சபை உரையாளர்" என்ற பெயரிலும் சங்கீதங்கள் "திருப்பாடல்கள்" என்ற பெயரிலும் இருப்பதால், பெயரைக் காணோமே என்று தேடி அலையவேண்டாம்.

வழக்கமாக வாசிக்கும் மொழிபெயர்ப்போடு எளிய நடையில் உள்ள மற்றொன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பழைய மொழிபெயர்ப்பின் நீண்ட வாக்கியம் ஒன்றில் யார் யாரிடம் பேசுகிறார் என்பது பிடிபடாதபோது, எளிய பதிப்பு அதை அரை நிமிடத்தில் தெளிவாக்கிவிடும். ஒரு சொல் எந்தெந்த வசனங்களில் வருகிறது என்று காட்டும் ஒத்துவாக்கிய அகராதி அச்சில் இருந்தால் பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் கைப்பேசிச் செயலியில் உள்ள தேடல் வசதியே போதும். இவற்றில் பெரும்பாலானவை இலவசமாகவே கிடைப்பதால், பணச்செலவு ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். விலையுயர்ந்த விளக்கவுரைத் தொகுதிகளைத் தொடக்கத்திலேயே வாங்கவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கேள்வி உருவாவதற்கு முன்பே பதில்கள் கையில் இருந்தால், கேட்கும் பழக்கமே வராது.

கடைசியாக, ஒரு குறிப்பேடு. இதை மட்டும் கைப்பேசியில் வைக்காமல் தாளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எழுதியதை அழித்துத் திருத்துவது கைப்பேசியில் மிகவும் எளிது; மூன்றாம் படியில் சொல்லப்போகும் பயிற்சிக்கோ, எழுதியது அழியாமல் இருப்பது அவசியம்.

2. எங்கே தொடங்குவது, எவ்வளவு நேரம் ஒதுக்குவது

புதிய ஏற்பாட்டில் உள்ள யாக்கோபின் நிருபத்தில் (கடிதத்தில்) தொடங்குங்கள். ஐந்தே அதிகாரங்கள், 108 வசனங்கள். ஒரே அமர்வில் அரை மணி நேரத்துக்குள் வாசித்துவிடலாம். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கவேண்டும் என்றும், அவர் ஒருவரையும் கடிந்துகொள்ளாமல் கொடுக்கிறவர் என்றும் அதன் முதல் அதிகாரத்தின் 5ஆம் வசனம் சொல்லுகிறது. குறைவு இருப்பதை ஒத்துக்கொள்வது அங்கே நிபந்தனையாக இருக்கிறது. குறைவு இருப்பதற்காக யாரும் திட்டப்படுவதில்லை என்பது வாக்குறுதியாக இருக்கிறது. புதியவருக்கு இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து நீதிமொழிகள். 31 அதிகாரங்கள் இருப்பதால் நாளுக்கு ஒன்றாக மாதத்தில் முடிக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. முதல் ஒன்பது அதிகாரங்களுக்கு அது பொருந்தும், ஏனெனில் அவை தந்தை மகனுக்குச் சொல்லும் நீண்ட உரைகளாக அமைந்துள்ளன. பத்தாம் அதிகாரத்திலிருந்து தனித்தனிப் பழமொழிகள் வரிசையாக வருவதால், அதிகாரம் அதிகாரமாக வாசித்தால் ஒன்றும் மனதில் தங்காது. அங்கே நாளுக்கு நான்கைந்து வசனங்களுக்கு மேல் போகவேண்டாம்.

யோபுவை மட்டும் துண்டு துண்டாக வாசிக்காதீர்கள். 42 அதிகாரங்களையும் ஒரே விடுமுறை நாளில், இடையில் ஓய்வெடுத்துக்கொண்டு, இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிப்பதே நல்லது. காரணத்தை ஐந்தாம் படியில் சொல்லுகிறேன். பிரசங்கியின் 12 அதிகாரங்களை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

3. கேள்வியை எழுதுங்கள், நீங்கள் விரும்பும் பதிலையும் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் நான் வலியுறுத்த விரும்புவது இந்தப் படியைத்தான்.

எரேமியா 42ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேம் வீழ்ந்துவிட்டது, பாபிலோன் ராஜா நியமித்த அதிபதியான கெதலியா கொல்லப்பட்டுவிட்டார், மீதியாயிருந்த ஜனங்கள் பழிவாங்கலுக்கு அஞ்சி நடுங்குகிறார்கள். அவர்கள் சிறியோர் முதல் பெரியோர் வரை தீர்க்கதரிசியான எரேமியாவிடம் வந்து, எந்த வழியில் நடக்கவேண்டும் என்று தேவனிடத்தில் கேட்டுச் சொல்லும்படி கெஞ்சுகிறார்கள். பதில் நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிவோம் என்று கர்த்தரையே சாட்சியாக வைத்துச் சொல்லுகிறார்கள். தாழ்மையான ஜெபத்துக்கு மாதிரி என்று எவரும் எண்ணக்கூடிய காட்சி. பத்து நாள் கழித்துப் பதில் வருகிறது: இந்தத் தேசத்திலேயே தரித்திருங்கள், எகிப்துக்குப் போகாதிருங்கள். உடனே தலைவர்கள் எரேமியாவைப் பார்த்து, "நீ பொய் சொல்லுகிறாய்" என்கிறார்கள். ஜனங்களையும் எரேமியாவையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கே போய்விடுகிறார்கள்.

இதன் சாவி முந்தின அதிகாரத்தின் இறுதியில் கிடக்கிறது. எரேமியாவிடம் வருவதற்கு முன்பே அவர்கள் எகிப்துக்குப் போகும் எண்ணத்தோடு புறப்பட்டுப் பெத்லகேமுக்கு அருகே தங்கியிருந்தார்கள் என்று 41:17 சொல்லுகிறது. அவர்களுடைய வார்த்தைகளில் பணிவு இருந்தது. பயணம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. அவர்கள் கண்ணீர் நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். தங்கள் முடிவு எடுக்கப்பட்டுவிட்டது என்பது அவர்களுக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். இந்தப் பகுதியில் அச்சமூட்டும் செய்தி அதுதான்.

ஆகவே குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று வரிகள் எழுதுங்கள். முதல் வரியில் கேள்வி. இரண்டாம் வரியில், உண்மையாகவே நீங்கள் விரும்பும் பதில். மூன்றாம் வரியில், அதற்கு நேர்மாறான பதில் வந்தால் நீங்கள் செய்யப்போவது. வேலையை விடலாமா, ஒருவரை மன்னிக்கவேண்டுமா, கொடுத்த கடனை வற்புறுத்திக் கேட்கலாமா என்பன போன்ற கேள்விகளில் இரண்டாம் வரி உடனே வந்துவிடும். மூன்றாம் வரியில்தான் பேனா நிற்கும். நின்றால் பாதகமில்லை, ஆனால் அந்தக் கேள்வியோடு வசனங்களைத் தேடப் போகாதீர்கள். தேடினால் இரண்டாம் வரிக்கு ஆதரவான வசனம் நிச்சயமாகக் கிடைக்கும்; அவ்வளவு பெரிய நூலில் எதற்குத்தான் ஆதரவு கிடைக்காது? தேவனுடைய சித்தத்தின்படி செய்ய மனதுள்ளவனே உபதேசத்தை அறிந்துகொள்வான் என்று யோவான் 7:17இல் இயேசு சொல்லுகிறார். அங்கே மனம் முதலில் வருகிறது, அறிதல் அடுத்து வருகிறது. மூன்றாம் வரியை எழுத முடியாதவர், அதை எழுதும் மனதைத் தரும்படி கேட்பதையே அந்த வாரத்தின் ஜெபமாக வைத்துக்கொள்ளலாம்.

4. உங்கள் கேள்வி எவ்வகையானது என்று பாருங்கள்

மாற்கு 12ஆம் அதிகாரத்தில் ஒரே நாளில் நடந்ததுபோல் தொடர்ந்து மூன்று கேள்விகள் இயேசுவிடம் வருகின்றன. இராயனுக்கு (ரோமப் பேரரசனுக்கு) வரி கொடுக்கலாமா என்பது வார்த்தையில் சிக்கவைக்கக் கேட்டது. ஏழு சகோதரரை ஒருவர்பின் ஒருவராக மணந்த பெண் உயிர்த்தெழுதலில் யாருக்கு மனைவியாயிருப்பாள் என்பது, உயிர்த்தெழுதலே இல்லை என்று நம்பும் சதுசேயர் என்னும் யூதப் பிரிவினர் அதைக் கேலிக்குரியதாக்கக் கேட்டது. கற்பனைகளில் எது பிரதானமானது என்பதை வேதபாரகன் (வேதத்தைக் கற்பிப்பவன்) ஒருவன் கேட்கிறான். பதிலைக் கேட்டதும் அதைத் தன் சொற்களில் திரும்பச் சொல்லி ஒத்துக்கொள்கிறான். அவனுக்கு மட்டுமே, "நீ தேவனுடைய ராஜ்யத்துக்குத் தூரமானவனல்ல" என்ற பதில் கிடைக்கிறது. வியப்பு என்னவென்றால், மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லப்படுகிறது. கெட்ட நோக்கத்தோடு கேட்டவர்களுக்கும் உண்மை மறுக்கப்படவில்லை. அவர்கள் அதை எடுத்துக்கொள்ளாமல் போனார்கள்.

நான்காவதாக ஒரு வகை உண்டு, அதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை: கேட்கப்படாத கேள்வி. இயேசு தம் மரணத்தைப் பற்றிச் சொன்னபோது சீஷர்களுக்கு அது விளங்கவில்லை, கேட்கவும் பயந்தார்கள் என்று மாற்கு 9:32 கூறுகிறது. அடுத்த வசனங்களிலேயே அவர்கள் தங்களில் யார் பெரியவன் என்று வழியில் விவாதிக்கிறார்கள். கேட்டிருக்கவேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டால், அந்த இடத்தில் வேறொரு பேச்சு வந்து உட்கார்ந்துகொள்ளும். அறியாமை வெளிப்பட்டுவிடுமோ என்று வாயை மூடிக்கொள்வதைப் பலர் தாழ்மை என்று எண்ணுகிறார்கள். அது பெரும்பாலும் கௌரவக் கவலைதான்.

5. வசனத்தைச் சுற்றியுள்ளதை வாசியுங்கள்

கேள்விக்குப் பொருத்தமாக ஒரு வசனம் கண்ணில் பட்டவுடன் குறிப்பேட்டில் எழுதாதீர்கள். முதலில் யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எப்போது என்ற மூன்றையும் கண்டுபிடியுங்கள். எத்தியோப்பிய மந்திரி ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்தபோது பிலிப்புவிடம் கேட்டது இதையே: தீர்க்கதரிசி யாரைக் குறித்து இதைச் சொல்லுகிறார், தம்மைக் குறித்தா, வேறொருவரைக் குறித்தா? (அப்போஸ்தலர் 8:34). வாசகர் கேட்கக்கூடிய கேள்விகளில் இதைவிடச் சிறந்ததைக் காண்பது அரிது.

"உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்னும் யோபு 8:7ஐ வாக்குத்தத்தமாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக உண்டு. அதைச் சொல்லுகிறவர் யோபுவின் நண்பரான பில்தாத். பிள்ளைகளைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் தகப்பனிடம், உம்முடைய பிள்ளைகள் பாவம் செய்திருந்தால் அதற்குரிய தண்டனையை அடைந்தார்கள் என்று மூன்று வசனங்களுக்கு முன்னால் அவர் சொல்லி முடித்திருக்கிறார். நூலின் முடிவிலோ (42:7), பில்தாத் உள்ளிட்ட மூன்று நண்பர்களும் தம்மைக் குறித்து யோபு பேசினதுபோல் நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தர் கோபம்கொள்கிறார். யோபுவைத் துண்டு துண்டாக வாசிக்காதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான். அதற்காக நண்பர்கள் சொன்ன யாவும் பொய் என்று தள்ளிவிடவும் கூடாது. எலிப்பாஸ் சொன்ன ஒரு வரியைப் (5:13) பவுலே 1 கொரிந்தியர் 3:19இல் மேற்கோளாக எடுத்தாளுகிறார். உண்மையான வாக்கியத்தைத் தவறான மனிதனிடம், தவறான நேரத்தில் சொல்ல முடியும் என்பதே அந்த நூல் தரும் பாடங்களில் ஒன்று.

எரேமியா 29:11க்கும் இதே விசாரணை தேவை. அது பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவர்களுக்கு அனுப்பிய கடிதத்தின் பகுதி. எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்று முந்தின வசனம் சொல்லுகிறது. கடிதத்தை வாசித்த பெரியவர்களில் பலர் அந்த நன்மையைத் தங்கள் கண்ணால் காணும் வயதில் இருந்திருக்கமாட்டார்கள். அதனால் அந்த வசனம் உங்களுக்குப் பயன்படாது என்று பொருளில்லை. எதை வாக்களிக்கிறது, எவ்வளவு காலத்தில் என்பது மாறிவிடுகிறது.

நீதிமொழிகளில் முரண்போல் தெரியும் இடங்களைக் கண்டு கலங்கவேண்டாம். மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே என்று 26:4உம், கொடு என்று 26:5உம் அடுத்தடுத்துச் சொல்லுகின்றன. இரண்டையும் தொகுத்தவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது கவனக்குறைவால் அல்ல என்பது தெளிவு. எந்த நேரத்தில் எது பொருந்தும் என்று கண்டறியும் பொறுப்பை அவை வாசகரிடம் விட்டுவிடுகின்றன.

6. முறையீட்டையும் ஜெபமாக எழுதுங்கள்

"கர்த்தாவே, நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன்" என்று ஆபகூக் தன் நூலைத் தொடங்குகிறார். 73ஆம் சங்கீதத்தை எழுதியவர், துன்மார்க்கர் சுகமாக வாழ்வதைப் பார்த்துப் பொறாமைகொண்டதாக ஒப்புக்கொள்கிறார். யோபு இன்னும் கடுமையாகப் பேசுகிறார். தேவனைக் காப்பாற்றுவதற்காக நியாயக்கேடாகப் பேசவேண்டுமோ என்று 13ஆம் அதிகாரத்தில் தன் நண்பர்களையே மடக்குகிறார். இவை அனைத்தும் வேதத்தில் இடம்பெற்றிருக்கும்போது, உங்கள் முறையீட்டை அழகான சொற்களால் மூடிவைக்கவேண்டிய அவசியமில்லை.

இங்கே ஒரு நியாயமான தடை எழும். சந்தேகப்படாமல் விசுவாசத்தோடே கேட்கவேண்டும் என்று யாக்கோபு 1:6 சொல்லுகிறதே, கேள்வியுள்ளவன் எதையாவது பெறுவானா? நான் இதற்குக் கொடுக்கும் விடை, அந்தப் பகுதியை 8ஆம் வசனம் வரை வாசியுங்கள் என்பதே. அங்கே கண்டிக்கப்படுகிறவன் இருமனமுள்ளவன். எரேமியாவிடம் வந்தவர்களைப்போல் ஒரு காலைப் பதிலிலும் மறு காலை எகிப்திலும் வைத்திருக்கிறவன். மாறாக, "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கு 9:24இல் கண்ணீரோடு சத்தமிட்ட தகப்பன் தன் பிள்ளைக்குச் சுகத்தைப் பெற்றுக்கொண்டுதான் போனான்.

ஆனால் முறையீட்டோடு நிறுத்திவிடாதீர்கள். ஆபகூக் தன் கேள்வியைச் சொல்லிவிட்டு, பதிலைப் பார்க்கும்படி காவலில் நிற்பேன் என்கிறார் (2:1). யோபுவுக்கு வந்த பதிலோ, 38 முதல் 41 வரையிலான அதிகாரங்களில் கேள்விமேல் கேள்வியாகவே வருகிறது. கேட்கிறவர் கேட்கப்படவும் ஆயத்தமாயிருக்கவேண்டும்.

7. ஒருவரிடம் போய்க் கேளுங்கள்

தனியாக வாசிப்பதற்கு எல்லை உண்டு. யாரிடம் கேட்பது என்பதற்கு எளிய அளவுகோல் ஒன்று: "எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால், அவர் எவ்வளவு பேச்சாற்றல் உள்ளவராயினும் வேறொருவரைத் தேடுங்கள். கேள்வி கேட்டதற்காகவே உங்கள் விசுவாசத்தைச் சந்தேகிக்கிறவரையும், பதில் சொல்வதற்குப் பணம் கேட்கிறவரையும் தவிர்த்துவிடலாம். யார் சொன்னாலும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பவுல் பேசியதையே தினந்தோறும் ஆராய்ந்து பார்த்த பெரோயா பட்டணத்தார் அதற்காக நற்குணசாலிகள் என்று பாராட்டப்படுகிறார்கள் (அப்போஸ்தலர் 17:11).

உங்களுக்கு ஏற்கெனவே ஓரளவு தெரியும் என்றால் அப்பொல்லோவின் கதையை வாசியுங்கள் (அப்போஸ்தலர் 18:24-26). வேதாகமங்களில் வல்லவரான அவரை, கூடாரம் செய்யும் தம்பதியரான ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் தங்களோடு சேர்த்துக்கொண்டு இன்னும் தெளிவாக விளக்கினார்கள். கூட்டத்தின் நடுவே எழுந்து திருத்தவில்லை. அவரும் கூடாரம் செய்கிறவர்களிடம் கற்பதை இழிவாக எண்ணவில்லை.

8. காத்திருக்கும் காலம்

எவ்வளவு நாள் ஆகும் என்பதே புதியவர்கள் அடிக்கடி கேட்பது. நிலையான கணக்கு இல்லை. எரேமியாவுக்குப் பத்து நாள் ஆயிற்று. உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்ணால் காணாமல் நம்பமாட்டேன் என்ற சீஷரான தோமா, தன் சந்தேகத்தோடு எட்டு நாள் மற்ற சீஷரோடேயே இருந்தார். அவர்கள் அவரைத் துரத்தவுமில்லை, அவர் விலகிப் போகவுமில்லை. யோபு தன் துன்பத்தின் காரணத்தைக் கடைசிவரை கேள்விப்படவே இல்லை. முதல் இரண்டு அதிகாரங்களில் வாசகருக்குத் தெரியவந்தது அவருக்குச் சொல்லப்படவில்லை.

ஆகவே குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களைத் திறந்த கேள்விகளுக்கென்று ஒதுக்குங்கள். மாதம் ஒருமுறை அவற்றை வாசித்து, தேதியிட்டு, பதில் கிடைத்தவற்றை அடித்துவிடுங்கள். சில கேள்விகள் பதிலில்லாமலே முக்கியத்துவம் இழந்துவிட்டதைக் காண்பீர்கள். மறைவானவைகள் கர்த்தருக்கே உரியவைகள் என்னும் உபாகமம் 29:29ஐ இந்தப் பக்கங்களின் தலைப்பில் எழுதிவைக்கலாம். ஆனால் அதை முதல் நாளிலேயே எழுதிச் சோம்பலுக்குச் சாக்காக்கவேண்டாம். காரியத்தை ஆராய்வது ராஜாக்களின் மகிமை என்றும் நீதிமொழிகள் 25:2 சொல்லுகிறது.

9. கிடைத்த பதிலைச் சோதியுங்கள்

பதில் கிடைத்ததாகத் தோன்றும்போது மூன்றாம் படியில் எழுதிய பக்கத்துக்குத் திரும்புங்கள். இரண்டாம் வரியில் எழுதியதே பதிலாகவும் வந்திருந்தால், அது தவறென்று பொருளில்லை. ஆனால் இன்னொருமுறை சரிபார்க்கவேண்டும். பிறகு யாக்கோபு 3:17ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பரத்திலிருந்து வரும் ஞானம் சுத்தமும் சமாதானமும் சாந்தமும் இணக்கமும் உள்ளது என்று அங்கே ஒரு பட்டியல் இருக்கிறது. உங்கள் பதில் வீட்டில் உள்ளவர்களிடம் உங்களை இன்னும் கடுமையானவராக்கியிருந்தால், முதல் படியிலிருந்து மீண்டும் தொடங்குவது நல்லது.

புதிதாகக் கற்றதை உடனே மற்றவர்களுக்குப் போதிக்கும் ஆவல் எழும். உங்களில் அநேகர் போதகராகாதிருங்கள் என்று அதே அதிகாரத்தின் முதல் வசனம் எச்சரிக்கிறது. போக்குவரவு அறியாத சிறுபிள்ளையாயிருக்கிறேன் என்று சொல்லி ஞானத்தைக் கேட்டுப் பெற்ற சாலொமோனின் இருதயமே வயதான காலத்தில் வழுவிப்போனதை 1 இராஜாக்கள் 11 பதிவுசெய்கிறது. யாராவது வற்புறுத்திக் கேட்டால், உங்கள் பதிலை முதலில் சொல்லாமல், அவர்களுடைய கேள்வியையும் அவர்கள் விரும்பும் பதிலையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டுவரச் சொல்லுங்கள்.